மூன்று பேர்

வேலிக் கம்பிக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில்
என்னைக் கேட்காமல் முளைத்தது.
முதல் வருடம் களை என்று நினைத்தேன்.
இரண்டாம் வருடம் சோம்பல்.
மூன்றாம் வருடம் என் தோளைத் தாண்டி
நீ யார் என்று
என்னைக் கேட்கிற உயரத்தில் நின்றது.

டொலீடோவில் பதினோராம் எண் பஸ் ஓட்டுகிறேன்.
எந்த முகம் எந்த நிறுத்தத்தில் ஏறும் என்பது
எனக்கு மனப்பாடம்.
என் கொல்லையில் ஏறியது மட்டும்
ஊர் பேர் தெரியாமல் நிற்கிறது.

திங்கட்கிழமை ஒரு இலையைக் கிள்ளி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
தம்பி லைல், மரம் வெட்டுகிறவன்,
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.
இதய வடிவம், ஓரமெல்லாம் பல்,
லிண்டன்தான் அக்கா.
வேர் உன் சாக்கடைக் குழாயைத் தேடி வரும்.
வெட்ட இருநூறு டாலர்.
உனக்கு நூற்றெண்பது.

வியாழக்கிழமை வேறொரு இலை.
ஹார்டுவேர் கடை டார்னெல்
அதை மேசையில் நீவி விரித்தார்,
ஐந்து மடல், ஆழமான வெட்டு.
அத்தி என்றார்.
இந்தக் குளிரில் அத்தியா என்று
அவரே சந்தேகப்பட்டார்.
சந்தேகத்தோடு ஒரு உரமூட்டையும் விற்றார்.

வெள்ளிக்கிழமை கிள்ளியதைப் பார்த்தவள் ஓடெட்,
செல்லோவை முதுகில் சுமந்து
நூலக நிறுத்தத்தில் ஏறுபவள்.
கட்டைவிரல் மட்டும் பிரிந்த
கம்பளிக் கையுறை போல இருந்தது அந்த இலை.
சசாஃப்ராஸ்! கசக்கிப் பாருங்கள்,
ரூட் பியர் வாசனை வரும்.
சிவப்பு விளக்கில் நிறுத்திக் கசக்கினேன்.
பச்சைதான் வந்தது,
விரலிலும் சிக்னலிலும்.

மூன்று பேரைக் கேட்டேன்.
மூன்று பேர் கிடைத்தது.

அன்று மாலை மண்டியிட்டு
இலையிலிருந்து காம்புக்கு, காம்பிலிருந்து கிளைக்கு
விரலால் இறங்கினேன்.
மூன்று செடிகள் பின்னிக்கொண்டிருக்கும் என்று
நம்பித்தான் இறங்கினேன்.
ஒரே தண்டு.
இதயமும் மடலும் கையுறையும்
ஒரே கிளையில்
அடுத்தடுத்து.
கிள்ளிய இடத்தில் வெள்ளைப் பால்.
நான் யாரிடமும் மரத்தைக் காட்டவில்லை,
ஆளுக்கு ஓர் இலையைத்தான் காட்டியிருக்கிறேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் யூனிஸ்
துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.
உங்கள் மரம் நன்றாக வருகிறது என்றாள்.
என் மரமா?
நீங்கள் நட்டது என்றுதான்
நான் வெட்டாமல் விட்டேன் என்றேன்.
அவள் கையில் கிளிப் அப்படியே நின்றது.
நானும் அதற்காகத்தான், என்றாள்.
மூன்று வருடம்
மரியாதை ஊற்றி வளர்த்திருக்கிறோம்.

அடுத்த ஜூனில்
என் வெள்ளைக் காரின் முகப்பெல்லாம்
கத்தரிப்பூ நிறத்தில் எச்சம்.
அண்ணாந்து பார்த்தேன்.
வேலிக்கு நேர் மேலே டெலிபோன் கம்பியில்
வரிசையாக ஸ்டார்லிங் குருவிகள்,
நட்டவர்கள்,
அறுவடைக்கு வந்திருந்தார்கள்.
எல்லா விலாசமும் என் கார்மேல்
எழுதியிருந்தது.
எந்த நிறுத்தத்தில் இறங்கியது என்பதுகூட.

கீழ்க்கிளையை வளைத்தேன்.
கம்பளிப்பூச்சியைச் சுருட்டியது போன்ற பழம்,
கறுத்தது இனிப்பு, சிவந்தது புளிப்பு.
வேலிக் கம்பி ஒன்று
தண்டுக்குள் போய்விட்டிருந்தது.
இனி மரத்தை எடுத்தால் வேலியும் போகும்.

லைலைக் கூப்பிட்டு மல்பெரி என்றேன்.
ஓ, அது மிருதுவான மரம்,
அப்படியானால் நூற்றைம்பது என்றான்.
யோசிக்கிறேன் என்றேன்.
என்ன சொல்கிறாய், கேட்கவில்லை என்றான்.
வாய் நிறைய இருந்தது.