நடுவில் நாலு கட்டம்

கோத்தகிரிக்குக் கீழே, இரவு இரண்டு மணி.
பன்னிரண்டு தொட்டியிலும் விசிறி ஓடுகிறது.
இலை வாட இன்னும் மூன்று மணி நேரம் என்றார் ஆல்துரை.
அவர் மூன்று என்றால் மூன்றரை.

ஸ்வெட்டருக்குள்ளிருந்து அதை எடுக்கிறேன்.
ஊட்டியில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில்
ஆயிரத்து எழுநூறு என்று ஆரம்பித்து
ஆயிரத்து இருநூறுக்கு இறங்கி வந்தது.
இரண்டு திரை, நடுவில் ஒரு கீல்.
குளிர் ஏறிவிட்டால் இடது பட்டன்
இரண்டாம் அழுத்தலுக்குத்தான் காது கொடுக்கும்.
பின்பக்கம் யாரோ ஊசியால் ‘ஜெ’ என்று கீறியிருக்கிறார்கள்.
ஜெ எழுபத்தொன்றாம் புதிரில் நின்றுபோயிருந்தார்.
நான் அங்கிருந்து.

வெறும் கட்டங்கள்தான். ஓரத்தில் எண்கள்.
வரிசையில் எத்தனை கறுப்பு என்று எண் சொல்லும்,
எங்கே என்று வாய் திறக்காது.
பத்துக் கட்டத்தில் ஏழு சேர்ந்தாற்போல் என்றால்
இடது ஓரம் வரை தள்ளிப் பார்,
வலது ஓரம் வரை தள்ளிப் பார்,
எப்படித் தள்ளினாலும் நடுவில் நாலு
நகராமல் உட்கார்ந்திருக்கும்.
இது பிடிபட்ட ராத்திரி
தொட்டி மேடையில் தனியாக நின்று
‘அட’ என்றேன்.
விசிறிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

இலையில் இந்த வசதி கிடையாது.
ஒரு பிடி அள்ளி, இறுக்கி, கையை விரித்தால்
பந்தாக நிற்க வேண்டும்,
ரொம்பவும் நிற்கக் கூடாது.
அந்த ‘ரொம்ப’ எவ்வளவு என்று கேட்டால்
ஆல்துரை தன் உள்ளங்கையைக் காட்டுவார்,
அதில் எழுதியிருப்பது போல.
ஆறு வருஷமாய் ஊகத்தில் சம்பளம் வாங்குகிறேன்.

இதில் ஊகம் கூடாது.
ஊகித்தால் திரை ஒரு முறை நடுங்கும்,
கடிகாரத்தில் இரண்டு நிமிடம் அபராதம் ஏறும்.
தெரியாத இடத்தைத் தெரியாததாகவே விட்டுவிட்டு
வேறு வரிசைக்குப் போகலாம்.
அங்கே விழும் ஒரு புள்ளி
இங்கே திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்.
கறுப்பை விட எனக்குப் பெருக்கல் குறிதான் ருசி.
இங்கே இல்லை, இங்கேயும் இல்லை, நிச்சயமாய் இல்லை.
ஒரு நாளில் இத்தனை விஷயம்
வேறு எதில் நிச்சயமாய்ச் சொல்ல முடிகிறது?

மூன்றே காலுக்கு மூச்சு வாங்க வெளியே வந்தேன்.
கேட் விளக்கு பனியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.
தேயிலைச் சரிவில் கறுப்பாய் மூன்று, சேர்ந்தாற்போல்.
கொஞ்சம் இடைவெளி. அப்புறம் ஒன்று.
மூன்று, ஒன்று.
கண் தானாகவே ஓரத்தில் எண் எழுதியது.
காட்டெருமை நாலு, தனியாக நிற்பது கிடா,
கேட்டைத் தாழ்போடு என்று
வாட்ச்மேன் புஷ்பகாந்தனை எழுப்பினேன்.
பனி விலகியது.
மூன்றும் எருமைதான், மெதுவாய் மேய்ந்துகொண்டு.
ஒன்று, நாங்கள் போன மாதம் இறக்கிவைத்த
சின்டெக்ஸ் தொட்டி.
அவர் என்னைப் பார்த்த பார்வையை
நேரமாய் மாற்றினால்
நிச்சயம் இரண்டு நிமிடத்துக்கு மேல்.

உள்ளே வந்து மிச்சத்தை முடித்தேன்.
கடைசிக் கட்டம் கறுத்ததும் கோடுகள் மறைந்து
படம் நிறம் பூசிக்கொண்டு ஆடியது.
கீழே அதன் பெயர், ஜப்பானிய எழுத்தில்.
இத்தனை படம் போட்டும்
ஒன்றுக்கும் பெயர் வாசித்ததில்லை.
கட்டன் சாயாவோடு வந்த ஆல்துரை
தலையைச் சாய்த்துப் பார்த்து ‘வாத்து’ என்றார்.
எனக்குச் செருப்பு போலிருந்தது.
அவர் ஏழாம் தொட்டியில் கை விட்டு, பிசைந்து, விரித்து,
‘இன்னும் இல்லை’ என்று போய்விட்டார்.

அடுத்தது பதினைந்துக்குப் பதினைந்து.
முதல் வரிசையின் ஓரத்தில் பூஜ்யம்.
பட்டனில் கட்டை விரல் வைத்து
சாயாவை ஒரு மிடறு குடித்துக்கொண்டேன்.
பதினைந்து பெருக்கல் குறி,
ஒரே மூச்சில் போடலாம்.