வெயில் காயாதவள்

ஓணான் என்றால் வேலியில் ஏறி
வெயிலுக்குத் தலையாட்டும் என்றிருந்தேன்.
மலாண்டாவுக்குக் கிழக்கே இந்த மழைக்காட்டில்
நாலு நாள் தேடினேன்.
மரப்பட்டைதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள்
மரப்பட்டை கண் சிமிட்டியது.

பிடரியில் ரம்பம்.
தொண்டைக்குக் கீழே
முள் வைத்துத் தைத்த மஞ்சள் பை.
என் நெஞ்சுயரத்தில், செங்குத்தாக,
மரத்தின் பழைய தழும்பு போல ஒட்டியிருந்தாள்.
நான் இடப்பக்கம் ஓரடி வைத்தேன்.
அவள் நகர்ந்ததைப் பார்க்கவில்லை,
நகர்ந்துவிட்டிருந்ததைத்தான் பார்த்தேன்:
அடிமரத்தின் ஓரத்தில் ஒரு கண்,
நாலு விரல் நகம்.
நான் சுற்ற, அவள் சுற்ற,
நடுவில் எப்போதும் மரம்.
அரச மரம் சுற்றி அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தவள் கதை
நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன்.
இங்கே வயிறு நிஜமாகவே கனத்திருந்தது.

இடுப்பில் பசை வைத்து ஒரு சின்னக் கருவி ஒட்டினோம்.
குறிப்பேட்டில் இரண்டு பத்தி:
காற்றின் சூடு, உடம்பின் சூடு.
இருபத்திரண்டு, இருபத்திரண்டு.
இருபத்தொன்றரை, இருபத்தொன்றரை.
ஒரு வாரத்துக்குப் பின் இரண்டாம் பத்தியில்
'மேற்படி' என்று எழுதத் தொடங்கினேன்.
கூரை விரிசலில் ஒழுகுவது போல
இலைகளுக்கு நடுவே ஒரு துண்டு வெயில்
அவள் வால் பக்கம் வந்து, முதுகில் ஏறி, போய்விடும்.
அவள் அதைக் கேட்டதுமில்லை, தடுத்ததுமில்லை.
எறும்பு வந்தால் எறும்பு.
திங்கட்கிழமை முழுக்க அவள் செய்தது
கீழே பாய்ந்து ஒரு மண்புழு.
நானோ அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.
'கொஞ்சம் பொறு' என்று இங்கே ஒரு பிரம்புக்குப் பேர்,
சட்டையைக் கொக்கி போட்டு நிறுத்தும்.
அது என்னை நிறுத்திய இடத்திலெல்லாம்
பொறுக்கத் தெரியாமல் கிழிந்தேன்.

டிசம்பர், இங்கே கோடை.
முதல் இடிமழைக்கு மறுநாள்
மரத்தில் அவள் இல்லை.
ஆன்டெனாவைத் திருப்பினால்
சத்தம் தார்ச்சாலைப் பக்கமிருந்து வந்தது.

மில்லா மில்லா போகிற வளைவில்
கவுன்சில் கிரேடர் ஒன்று
இன்ஜினை அணைத்து நின்றது.
ஓட்டுகிற டுல்சி ராஃபின்
படியில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் தேநீர் குடித்துக்கொண்டே
விரலை உதட்டில் வைத்தாள்.

சரளை ஓரம். நிழலே இல்லை.
கொதிக்கிற வெளிச்சத்தில்
இவள் மண் தோண்டிக்கொண்டிருந்தாள்.
ஒரு நாளும் தனக்கென்று வாங்காத வெயில்.
முட்டைக்கு அது வேண்டும்.
காட்டுக்குள் மரம் விழுந்தால்தான் அப்படி ஓர் இடம்.
இப்போது சாலை போடுகிறவர்கள்
மரம் விழக் காத்திருப்பதில்லை.
தாய்மை என்று எழுதக் கை போயிற்று,
எழுதவில்லை.
நாலு முட்டை. மூடினாள்.
முகத்தால் இரண்டு இடி இடித்துச் சமன் செய்தாள்.
திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை.

'பொரிக்க எவ்வளவு நாள்?'
'இரண்டரை மாதம். மூன்றும் ஆகலாம்.'
'இந்த ஓரத்தை இன்றைக்கு முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.'
மீதித் தேநீரைக் கொட்டினாள்.
ஏறினாள்.
அந்த இடம் வந்ததும் பிளேடு
ஆறடி தூரத்துக்கு மேலே எழுந்து
மறுபடி இறங்கிற்று.
மூன்று கை அகலத்துக்கு ஒரு மேடு,
மேற்பார்வையாளன் கட்டாயம் திட்டப்போகிற மேடு.
வேலைத்தாளில் அவள் எழுதியதை எட்டிப் பார்த்தேன்:
'பாறை.'

ஜனவரியில் சத்தம் ஒரே இடத்தில் நின்றது.
பயந்து போனேன்.
வாய்க்காலில், உரிந்த தோலோடு,
கருவி மட்டும் கிடந்து கூவிக்கொண்டிருந்தது.
அதன்பின் அவளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மார்ச்சில் திரும்பிப் போனேன்.
மழை மேட்டைப் பாதி கரைத்திருந்தது.
மீதியில், சுண்டுவிரல் நுழையும் ஓட்டை ஒன்று.
நனைந்த காகிதம் போல முட்டைத் தோல்,
மூன்றா நாலா என்று எண்ண முடியவில்லை.
காட்டின் விளிம்பில்
இருட்டும்வரை நின்று பார்த்தேன்.

மரப்பட்டைதான் தெரிந்தது.