சுங்கக் கட்டணம்

கியூம்ரி அஞ்சலகத்தில்
மூன்றாம் சாளரத்துப் பெண் கேட்டாள்:
"உள்ளே என்ன?"
தெரியும். இருந்தும் வாய் வரவில்லை.
"உலோகம்" என்றேன்.
"நகையா?"
"இல்லை."
"பின் எதற்கு இவ்வளவு காப்பீடு?"
நாலாயிரத்து இருநூறு திராம் சுங்கம் கட்டி
என் வெண்கலத்தை வாங்கிக்கொண்டேன்,
அடகு வைத்ததை மீட்பதுபோல.

எட்டு ஆண்டுக்கு முன் நான் நாலாவது.
கடைசி முறை
நூற்று முப்பத்தொரு கிலோ தலைக்கு மேல் நின்றது.
நின்றது, சத்தியமாக.
ஒரு வெள்ளை விளக்கு, இரண்டு சிவப்பு.
முழங்கை மடங்கியதாம்.

புறப்படுமுன்
ஏழு காயங்களின் கோவிலில்
மணல் தட்டில் ஏழு மெழுகுதிரி
குத்திவிட்டுப் போயிருந்தேன், காயத்துக்கு ஒன்றாக.
கேட்டது வெற்றிகூட இல்லை.
இரண்டு நொடி மடங்காத முழங்கை.
அதைக்கூடத் தராதவரை
அதற்குப் பிறகு நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

திரும்பும் விமானத்தில்
பயிற்சியாளர் வாகினாக் வேறு வரிசைக்குப் போய்விட்டார்.
இறங்கும்போது ஒரே ஒரு பேச்சு:
"நாலாவது ஆளுக்கு ஒரு பெயர் உண்டு, ஷோகிக்.
பார்வையாளர்."
தோள் கிழிந்தது பிற்பாடு.
அதைத் தைத்துவிட்டார்கள்.
குளிர் காலத்தில் வலிப்பது தோள் அல்ல.

இப்போது கடிதம் சொல்கிறது:
மூன்றாவதாக வந்தவளின்
உறைய வைத்த சிறுநீரை உருக்கிப் பார்த்தார்களாம்.
அவள் பெயரை அடித்து
என் பெயரை எழுதினார்களாம்.
வாழ்த்துகள். கையெழுத்தும் அச்சடித்தது.

வியோரிகா,
உன்னை நினைவிருக்கிறது.
திரைக்குப் பின்னால் என் கை நடுங்கியபோது
மணிக்கட்டுப் பட்டையை நீதான் சுற்றிவிட்டாய்.
பல்லால் கடித்து நாடாவை அறுத்தாய்.
உன் மொழியில் ஏதோ சொன்னாய்,
வசவா வாழ்த்தா, இன்றுவரை தெரியாது.
ஊசியைக் கேட்டு வாங்கியது நீயா,
உனக்கும் ஒரு வாகினாக் இருந்தாரா?
உன்னை வெறுக்க முயன்றேன்.
அந்த நாடாவைக் கடித்த பல் குறுக்கே வந்தது.

இந்த வட்டின் ஓரத்தில் ஒரு கீறல்.
புதிதாய் வார்த்ததா,
உன் கழுத்திலிருந்து கழற்றியதா?
கடிதத்தில் அது இல்லை.

சனிக்கிழமை கோவிலுக்குப் போனேன்.
நன்றி சொல்லவா, சண்டை போடவா,
வாசல்வரை முடிவாகவில்லை.
உள்ளே போகவுமில்லை.
நிலநடுக்கத்தில் விழுந்த பழைய கூம்புகளை
முற்றத்தில் தரையோடு வைத்திருக்கிறார்கள்.
மேலே புதியவை, சிலுவையோடு.
கீழே இருந்த ஒன்றின்மேல் ஒரு பொடியன் ஏறிக்
காலாட்டியபடி சூரியகாந்தி விதை கொறித்தான்.
கல் மடிப்பெல்லாம் விதைத் தோல்.
நானும் கை வைத்தேன். வெயிலில் சுட்டது.
உயரத்தில் இருந்த நாளில்
யார் கை இதில் பட்டிருக்கும்?

மேடையில் ஒரு விதி உண்டு:
நடுவர் இறக்கச் சொல்லும்வரை
பாரத்தைப் பிடித்திருக்க வேண்டும்.
அன்று சொன்னார்கள். இரும்பை இறக்கினேன்.
மற்றதை இறக்கு என்றோ
இரக்கம் என்றோ
யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.
அஞ்சலகத்துப் பெண் சொன்னதுதான்:
"கையெழுத்துப் போட்டுவிட்டு நகருங்கள்."

ரொட்டிச் சாலையில் இன்று மாவு வந்த நாள்.
ஐம்பது கிலோ மூட்டை, நாற்பத்திரண்டு.
எல்லாம் இடது தோளில்.
முதலாளி ஹ்ரிப்சிமே
வட்டை மாவுத் தராசில் வைத்துப் பார்த்தாள்.
"முந்நூற்றுத் தொண்ணூறு கிராம்.
ஒரு ரொட்டி தேறாது."
சிரித்தோம்.
அவள் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள்.

இரவு ஒரு மெழுகுதிரி, ஒன்றே ஒன்று,
யாருக்கு என்று சொல்லாமல் ஏற்றினேன்.
உன் முகவரி கேட்டு
சம்மேளனத்துக்கு எழுத உட்கார்ந்து
இரண்டாம் வரியில் நிற்கிறேன்.
அவளிடம் சொல்ல ஒரு செய்தி உண்டு, ஐயா.
வேறு யாரிடமும் சொன்னதில்லை.
அன்று என் முழங்கை
மடங்கத்தான் செய்தது.