பத்தொன்பதாம் பகுதி

மழைக்கு லீவு விட்ட ஐப்பசிப் புதன்கிழமை.
பாம்பன் தெற்குவாடியில் டிவி இருந்த மூன்று வீடுகளில்
கிளாட்வின் வீட்டு ஆண்டெனாவுக்குத்தான்
அக்கரைச் சேனல் அகப்படும்.
யாராவது மாடியில் நின்று கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
அன்றைக்கு என் முறை இல்லை,
முழுசாகப் பார்த்தேன்.

வஜ்ரமுகனுக்கு வாய் வரைய மறந்திருந்தார்கள்.

கண் இருந்தது, முகவாய் இருந்தது,
நெஞ்சில் அந்த மஞ்சள் முக்கோணம் இருந்தது.
வாய் இருக்க வேண்டிய இடம்
கழுவிக் கவிழ்த்த தட்டு.

யாரும் அவனைக் கூப்பிடவில்லை.
கட்டடம் எரியவில்லை, ரயில் கவிழவில்லை.
தெருவில் நடந்து போகிறான்.
முக்கில் ஒரு கடல் கிடக்கிறது,
சோற்றுத் தட்டு அகலம்.
குனிந்து எடுத்து
தலையில் வைத்துக்கொண்டு மறுபடி நடக்கிறான்.
பறக்கத் தெரிஞ்சவன் ஏன் நடக்கிறான்? என்றான் ரெக்ஸன்.
சிந்திரும்ல, என்றாள் அவன் தங்கச்சி மெரின்.

அப்புறம் டாக்டர் துரு வந்தான்.
பாலம் பாலமாகத் தின்கிறவன்.
எங்களுக்கு அவன்மேல் தனிக் கோபம் உண்டு:
எங்கள் கதவுக் கொண்டி, சைக்கிள், ஜன்னல் கம்பி
எல்லாம் அவன் கடித்த எச்சில்.
அன்றைக்கு அவன் சண்டைக்கு வரவில்லை.
பையிலிருந்து சாக்பீஸ் எடுத்தான்,
எட்டி நின்று பார்த்தான்,
வஜ்ரமுகனுக்கு ஒரு வாய் வரைந்தான்.
கொஞ்சம் கோணல்.

வாய் திறந்தது.

"பாம்பன் துறைமுகத்தில்
மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு.
டோக்கன் கிடையாது.
போனவர்கள் கரை திரும்பவும்."

ரேடியோ கலந்திருக்கும்.
மேலே நின்றவள் கையை விட்டிருப்பாள்.
மேலே நின்றது என் அக்கா பெனிட்டா;
விடவேயில்லை என்று
இன்றுவரை சத்தியம் பண்ணுகிறாள்.

கிளாட்வின் மட்டும் எழுந்து
டிவிக்குப் பின்னால் போய்ப் பார்த்தான்.
அவன் அப்பா ராத்திரி போனவர்.
நாலு மணிக்கு வந்துவிட்டார்,
நனைந்த வலை, கொஞ்சம் நண்டு, நல்ல பசி.
அதில் அதிசயம் எதுவும் இல்லை.
அவர் வருவதற்குள் கரண்ட் போயிருந்தது,
கடலை எங்கே இறக்கிவைத்தான் என்பது தெரியாமலே.

அடுத்த வாரம் வாயோடு வந்தான், பறந்தான்,
துருவைத் தூக்கிச் சுவரில் அடித்தான்.
நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்போது போனில் கிடைக்கிற பத்தொன்பதாம் பகுதியில்
நிலாவில் சண்டை போடுகிறார்கள். அது வேறு.
தட்டு இல்லை, தொப்பி என்கிறான் துபாயிலிருந்து ரெக்ஸன்.
அவன் அழுதான் என்கிறாள் மெரின்.
வாயைப் பற்றி மட்டும் எங்களுக்குள் வழக்கு இல்லை:
இடப்பக்கம் கோணல்.

மண்டபம் நண்டுக் கம்பெனியில்
சதை எடுக்கும் மேஜை எனக்கு.
கூண்டு ஏறுகிற நாளில்
சூப்பர்வைசர் வந்து எண்ணைச் சொல்லுவார்.
காதில் விழுவது அவர் குரல் இல்லை.
மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் தேடி எழுவார்கள்.
நான் கொஞ்ச நேரம்
தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருப்பேன்.