செவ்வாய்க்கிழமை

கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்தார்.
"எப்போது?" என்றார் இந்தியில்.
"செவ்வாய்க்கிழமை" என்றேன்.
தட்டையாக இருந்த என் ஸ்வெட்டரை
இன்னொரு முறை பார்த்துவிட்டு
பிறந்த குழந்தைக்கான பெட்டியை இறக்கினார்:
உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டை,
கட்டைவிரலுக்குப் போடலாம் போல காலுறை.
இதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டாள், ஐயா,
என்று சொல்ல என் இந்தி போதவில்லை.

லாஜ்பத் நகர், ஜனவரி,
பகல் பன்னிரண்டுக்கும் விளக்கு போட்டிருக்கும் பனிமூட்டம்.
எங்களிடம் இருப்பது
ஒரு புகைப்படம், ஒரு எடை, ஒரு தேதி.
ஆறு கிலோ நானூறு.
ஏழு மாதம், உத்தேசமாக.
அந்த உத்தேசத்தை
யாரோ பேனாவால் அடிக்கோடிட்டிருந்தார்கள் கோப்பில்.

புகைப்படத்தில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு வாளி.
பரிதி அந்த வாளியை வைத்து
அவள் உயரத்தைக் கணக்குப் போட்டான்.
வீட்டு வாளிகளை, எதிர்வீட்டு வாளியை
டேப் வைத்து அளந்தான்.
பதினாறு லிட்டர் வாளி என்றால் அறுபத்திரண்டு சென்டிமீட்டர்,
இருபது லிட்டர் என்றால் அறுபத்தெட்டு.
இரண்டு அளவிலும் ஸ்வெட்டர் வாங்கினோம்.

மாடிவீட்டு ஹர்பீர் எழுதிக் கொடுத்த பட்டியலில்
நாற்பத்து மூன்று பொருட்கள்.
பிரசவித்தவளுக்கானவை பத்தொன்பது, அவற்றை அடித்தேன்.
அடிவயிற்றுப் பட்டை,
தையல் வலிக்காமல் உட்காரக் காற்றடைத்த வளையம்,
தாய்ப்பால் பம்பு.
பேனா எங்கும் தயங்கவில்லை என்று எழுத ஆசை.
பம்பில் கொஞ்சம் நின்றது.

கம்பி போட்ட தொட்டில் வேண்டாம் என்றான் பரிதி,
ஏழு மாதமாகக் கம்பிகளைத்தானே பார்க்கிறாள்.
வேண்டும் என்றேன்,
பழகியதிலேயே தூங்கட்டும்.
இதற்காக இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.
மூன்றாம் நாள்
சேலையில் தூளி கட்டலாம் என்று
இருவரும் கூரையைப் பார்த்தோம்.
முனிர்கா வாடகை வீட்டில் ஒரே கொக்கி,
அதில் மின்விசிறி.

காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்பதாயிரம்.
ஹீட்டர் இரண்டாயிரத்து நூறு.
குளிர் தெரிகிறது, காற்று தெரிவதில்லை,
அதனால் ஹீட்டர் போதும் என்றேன்.
பரிதி சன்னல் கம்பியில் விரலை ஓட்டி
என் முன்னால் நீட்டினான்.
தெரிந்தது.

பால்புட்டியின் ரப்பர் முனைக்கு
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் உண்டாம்.
முப்பத்தொன்பது வயதில் தெரிந்துகொண்டேன்.
வேகமாக வந்தால் புரையேறும்,
மெதுவாக வந்தால் அழுவாள்.
அவள் எப்படிக் குடிப்பாள் என்று
யாரைக் கேட்பது?

இல்லத்துக்கே போன் போட்டேன்.
ராத்திரி ஆயா நிர்மல் எடுத்தார்.
"இரண்டாம் எண். சர்க்கரை போடாதீர்கள்.
ஒரு ஜோடி உடுப்பு கொண்டுவாருங்கள்,
இங்கே போட்டிருப்பதைக் கழற்றி வைத்துக்கொள்வோம்,
அடுத்து வருகிறவளுக்கு."
வேறு என்ன வாங்க வேண்டும் என்றேன்.
அவருக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது,
இன்னொன்று சேர்ந்துகொண்டது.
அதில் எது என்று கேட்கத் தைரியம் வரவில்லை.
"ஒன்றும் வேண்டாம்," என்றார்.
"பதினொரு பேரோடு தூங்கிப் பழகியவள்.
இரவெல்லாம் டியூப்லைட் எரியும் இங்கே.
இருட்டும் அமைதியும்தான் அவளுக்குப் புதுசு,
பார்த்துக்கொள்ளுங்கள்."

இன்று ஞாயிறு.
துவைத்து மடித்த ஸ்வெட்டர்கள் நாற்காலியில்,
சிறியது மேலே.
நகவெட்டி மறந்துவிட்டோம்,
இன்னும் எட்டுப் பொருள் பாக்கி.
சுவிட்ச் வரை கையைக் கொண்டுபோன பரிதி
அணைக்காமல் திரும்பி வந்து படுக்கிறான்.
மூன்று இரவாக
விளக்கை எரியவிட்டுத் தூங்கிப் பழகுகிறோம்.
அவன் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்கிறான்.
எனக்கு இன்னும் பழகவில்லை.