காம்பரா

ஹட்டன் நீதவான் மன்றில் பதினோரு வருடமாக
அந்தப் பக்கத்துச் சொல்லை இந்தப் பக்கம் கடத்துகிறேன்.
சம்பளத்துக்கு.

இன்று வேலாண்டி நித்தியசீலன்.
டிக்கோயாவில் ஒரு ஹார்ட்வெயார் கடை, கூரைத் தகரத்தை நெம்பி
செப்புக் கம்பி பத்துக் கிலோ.
ஒப்புக்கொண்டான். மழையில் நனைந்த சேர்ட் இன்னும் காயவில்லை.
ஆறு மாதம் என்று மனதுக்குள் போட்டுவைத்தேன்,
பழக்கத்தில்.

சார்ஜன்ட் எழுந்து விரலடையாளத் தாளை நீட்டினார்.
முன்குற்றம் இரண்டு.
கூட்டுறவுக் கடை, பால்மா. ஏற்கிறீரா?
"ஆமாங்க."
வீடுடைத்தல். ஏற்கிறீரா?
கீழே ஸ்டேஷனில் பதுளை ரயில் ஊதி ஓயும்வரை
பேசாமல் நின்றான்.
"அது வீடில்லீங்க. எங்க காம்பரா."

அன்றும் நான்தான் பக்கத்தில் நின்றேன்.
அப்பன் செத்து முப்பதாம் நாள்,
செக்ரோலில் பேருள்ள ஆள் இனி யாருமில்லையென்று
தோட்டத்து ஆபீஸ் பூட்டிய ஏழாம் நம்பர்.
கவ்வாத்துக் கத்தியால் பூட்டைத் தட்டிவிட்டு
உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். அவ்வளவுதான்.
விடியப் பிடித்தபோது போர்த்தியிருந்த கம்பளியைத்
தோட்டத்துச் சொத்து என்றது குற்றப்பத்திரிகை.
லோயருக்குக் காசில்லை,
தவணைக்குத் தவணை ஒரு பேர் போகும்.
"ஒப்புக்கிட்டா ஆயிரத்தைந்நூறோட முடிஞ்சிரும்" என்று
வராந்தாவில் யாரோ சொன்னார்கள்.
யாரோ இல்லை. நான்.

முடியவில்லை. ஏழு வருடம்
தாளுக்குள் கிடந்து வட்டி போட்டிருக்கிறது.

காம்பராவுக்குச் சிங்களத்தில் சொல் தேட வேண்டியதில்லை.
காமரய. ஏறக்குறைய அதே சொல்.
சொன்னேன். நீதவான் அம்மா கண்ணாடியைக் கழற்றி,
பொறுமையாகத்தான்,
மனிதர் குடியிருந்தால் சட்டத்துக்கு அது வீடு என்றார்.

உறுதி கேட்டு எழுதிய மனுக்களில்,
கடிதம் தொலைத்த தபாற்கந்தோரில், வாக்காளர் இடாப்பில்
வெறும் லயன் இலக்கமாகவே கிடந்ததை
ஒரேயொரு தாள் வீடென்று எழுதியிருக்கிறது,
அதை இவன் உடைத்தான் என்பதற்காக.
அந்த வாக்கியத்தை நான் தமிழில் சொல்லவேண்டும்.

"அதுவும் வீடுதானாம்."

"அப்பிடீங்களா" என்றான்.
முகத்தில் ஏதோ ஏறியது, கொஞ்சநேரம்.
"வீடுன்னா சரி. ஏத்துக்கிறேங்க."

இரண்டு வருடம்.
இலக்கத்துக்கு மொழி தேவையில்லை.
விரலால் காட்டினேன்.