முப்பத்தொன்பது மூட்டை

கொரடாச்சேரி ஆலையில்
நெல் உலர்த்தும் இயந்திரம் நின்று இரண்டு நாள்.
கடைசிப் பேருந்தில் போய் இறங்கினேன்.
பையில் சாலிடர் கோல், சோதனை ரோம், அரைப் பொட்டலம் பக்கோடா.
"பொம்பளைய அனுப்பியிருக்கீங்க?" என்றார் மேலாளர் பக்கிரிசாமி,
என்னிடம் அல்ல, தொலைபேசியிடம்.

பெட்டியைத் திறந்தேன்.
தவிட்டுத் தூசிக்கு அடியில் எண்பது எண்பத்தைந்து.
நாற்பது கால், எதுவும் ஒடியவில்லை.
ஏ, பி, சி, டி, ஈ, அப்புறம் ஒரே தாவலில் ஹெச், எல்.
எஃப் கொடிகளுக்குப் போய்விட்டது,
ஜி யாருக்கும் இல்லை.
எட்டுக் கம்பிகளில் முதலில் முகவரியின் கீழ்ப்பாதி போகும்;
அதைப் பிடித்து நிறுத்தியதும்
அதே கம்பிகளில் தரவு வரும்.
முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில்
இதை விளக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.
யாரும் கேட்கவும் இல்லை.

ரோமைக் கழற்றி என்னுடையதைச் செருகினேன்.
மின்கலம் காத்துவைத்திருந்த நினைவகத்தை
அறை அறையாகத் தட்டிப் பார்த்தேன்.
39. 00. 39. 00. 39.

"முப்பத்தொம்பது மூட்டையா?
நானூத்திப் பன்னெண்டு ஏத்தினோமே!"
மூட்டை இல்லை சார்.
திரும்பிப் போகவேண்டிய முகவரி.

எப்படிச் சொல்வது இவரிடம்.
அழிந்துபோன ரோமில் எங்கும் எஃப் எஃப்.
செயலிக்கு அது வெறுமை இல்லை, கட்டளை:
திரும்பும் இடத்தை அடுக்கில் குறித்துவிட்டு
முப்பத்தெட்டுக்குப் போ.
முப்பத்தெட்டிலும் அதுவே இருக்கிறது.
போகிறது. குறிக்கிறது. போகிறது.
அடுக்கோ மேலிருந்து கீழே வளர்வது.
கண்ணிமைக்கும் முன்
லாரி எண், ஈரப்பதம், மூட்டைக் கணக்கு
எல்லாவற்றின் மேலும்
தான் ஒருபோதும் திரும்பாத இடத்தின் பெயரை
எழுதிக்கொண்டே இறங்கியிருக்கிறது.
புகை இல்லை, கருகல் இல்லை.
பிழை என்று ஒன்று நடந்ததே அதற்குத் தெரியாது.

ரோமின் நெற்றியில் ஒரு கண்ணாடிச் சன்னல்.
அதை மூடியிருந்த வெள்ளித்தாளைக் காணோம்.
பெட்டிக்கு எதிரே களம்.
தை, மாசி முழுக்க
புழுக்கம் தாளாமல் திறந்துவைத்த கதவின் வழியே
வெயில் உள்ளே வந்து
ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்திருக்கிறது.

மேலாளர் டீக்குப் போனபின்
கொதிகலன் பக்கமிருந்து அமிர்தகடேசன் வந்தான்.
"நாந்தான் மேடம் பிச்சேன்.
உள்ள தங்கக் கம்பியெல்லாம் தெரிஞ்சிச்சு.
சாப்பிடறப்ப பாத்துக்கிட்டே இருப்பேன்."

பதினோரு வருடமாக ரோம் கழற்றுகிறேன்.
ஒரு நாளும் அந்தச் சன்னலில் எட்டிப் பார்த்ததில்லை.
டார்ச் கேட்டேன், கொடுத்தான்.
வயல் மாதிரி என்று சொல்ல வாய் வந்தது;
வயல் மாதிரி இல்லை.
நகக்கண் அளவில்
டீசல் சிந்திய தண்ணீரின் நிறம்,
அதன் ஓரமெங்கும் முடியை விட மெல்லிய பொன்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

மாற்று ரோமைச் செருகி
அவன் சிகரெட் பெட்டியின் தகட்டுத்தாளையே
சன்னலுக்கு ஒட்டினேன்.
உலர்த்தி உறுமி எழுந்தது.
பக்கிரிசாமி நோட்டை விரித்து
நானூற்றுப் பன்னிரண்டை முதலிலிருந்து கூட்டிக்கொண்டிருந்தார்.
சர்வீஸ் படிவத்தில், காரணம் என்ற கட்டத்தில்
'வெப்பம்' என்று எழுதினேன்.
பொய் என்று முழுதாகச் சொல்லமுடியாது.

"பழசை என்ன மேடம் பண்றது?"
இனி அதில் அழிய ஒன்றுமில்லை,
சட்டைப்பையில் வைத்துக்கொள் என்றேன்.